இரண்டாவது கியர்

அமலராணி சிந்தாமணிப் பக்கத்துப் பிரசவ விடுதியில் மிட்வைஃப். 1939-ஆம் வருஷத்தில் திருச்சியில் சைக்கிள் ஓட்டிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் கியர் வைத்த சைக்கிள் ஓட்டியவள் அவள் ஒருத்திதான். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டரம்மா அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. பின் சக்கரத்தின் நடுவே, மற்ற வண்டிகளில் இல்லாத தடித்த ஹப். அதற்குள் மூன்று கியர். கைப்பிடியில் இருந்த விசையைத் தள்ளினால் ஒரு கம்பி இழுபடும். கம்பியின் நுனியில் இருந்த குட்டிச் சங்கிலி ஹப்புக்குள் கியரை மாற்றும். ஒன்று மேட்டுக்கு, இரண்டு சாதாரண ஓட்டத்துக்கு, மூன்று வேகத்துக்கு.

ஆடி மாதம் இரண்டாவது கியர் நழுவத் தொடங்கியது. நன்றாக மிதித்துக்கொண்டே போகும்போது திடீரென்று பெடல் வெற்றாகச் சுழலும். கால் பள்ளத்தில் விழுந்தது போல இறங்கும். மூன்று வாரத்தில் மூன்று தடவை ரத்தினவேலின் சைக்கிள் கடைக்குப் போனாள். முதல் தடவை அவன் செயினை மாற்றினான். இரண்டாவது தடவை ஹப்புக்குள் கெட்டியான கிரீஸை அடைத்தான். மூன்றாவது தடவை வண்டியைத் தொடவே இல்லை.

"வண்டில ஒண்ணுமில்ல நர்ஸம்மா. உங்க மிதிதான் சரியில்ல. பொம்பளைங்க காலு, விட்டு விட்டு மிதிக்கிறீங்க. கியரு அதைத் தாங்காது."

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அமலராணிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவன் சொன்னதை நம்பினாள். இருபது வருஷமாகச் சைக்கிளோடு பிழைக்கிறவன், அவனுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து சாயங்காலங்களில் விடுதியின் பின்முற்றத்தில் வட்டம் வட்டமாக, காலை ஒரே சீராக மிதித்துப் பழகினாள்.

அடுத்த வாரம், விடிந்து சற்று நேரத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து மருதை என்ற வேலைக்காரி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள். உத்தர வீதி ராஜகோபாலன் வீட்டு மருமகள் செண்பகவல்லிக்கு வலி கண்டுவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்றாள். பக்கத்தில் ஜட்கா எதுவும் இல்லை. அமலராணி பையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினாள்.

காவிரிப் பாலத்துக்கு ஏறும் மேட்டில், எழுந்து நின்று மிதித்தபோது கியர் நழுவியது. உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில் இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். முட்டி கிழிந்தது. பையிலிருந்த கிருமி கொல்லும் லைசால் புட்டி உடைந்தது. முதல் கியரில் போட்டாள், அதுவும் கடகடத்தது. மூன்றாவதில் அழுத்தி மிதிக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்து, மாம்பழச் சாலை வழியாக நொண்டி நொண்டிப் போனாள்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. செண்பகவல்லியின் உதடு வெளுத்திருந்தது. பாய் முழுக்க ரத்தம்.

"எப்போ சொல்லியனுப்பிச்சோம், இப்போ வரேளே! ரங்கநாதா, இவ கை ஜில்லுன்னு இருக்கே!" என்று மாமியார் குமுதவல்லி அலறினாள்.

அமலராணி கையைக் கழுவினாள், ஊசி போட்டாள், வயிற்றைப் பிசைந்து பிசைந்து கருப்பையை இறுக வைத்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கட்டுக்குள் வந்தது. செண்பகவல்லி பிழைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். இது அந்த அறையில் அமலராணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

மத்தியானம் விடுதிக்குத் திரும்பியதும் பின்முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். விசையை இரண்டில் வைத்துப் பெடலைக் கையால் சுற்றினாள். பெடல் சுற்றியது, சக்கரம் நின்றது. அவள் கால் எங்கோ இருக்க, கியர் தானாகவே நழுவிக்கொண்டிருந்தது. குட்டிச் சங்கிலியை விரலால் கொஞ்சம் வெளியே இழுத்தாள். சக்கரம் பிடித்துக்கொண்டு சுழன்றது. விட்டாள், நின்றது. இழுத்தாள், சுழன்றது. கம்பி தொய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். அரை விரற்கடைத் தொய்வு.

ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் அவள் சரிசெய்யவில்லை. அப்படியே கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏறுங்க," என்றாள்.

"எதுக்கு நர்ஸம்மா?" என்றான் ரத்தினவேல்.

"பாலத்து மேட்டுல இரண்டாம் கியர்ல மிதிங்க. எழுந்து நின்னு மிதிக்கணும். உங்களது ஆம்பளைக் காலுதானே?"

"லேடீஸ் வண்டில நான் ஏறுறதா?"

"ஏறுங்கன்னேன்."

டீக்கடைக்காரர்கள் எழுந்து பின்னாலேயே வந்தார்கள். ரத்தினவேல் சிரித்துக்கொண்டே ஏறினான். மேட்டில் பாதி ஏறி, எழுந்து நின்று அழுத்தினான். பெடல் வெற்றாக இறங்கியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அமலராணி திரும்பினாள்.

"சிரிக்காதீங்க! காலையில இதே இடத்துல நான் விழுந்தேன். ஒரு ஆளு தூக்க வரல. அங்க ஒரு பொண்ணு ரத்தம் கொட்டிச் சாகக் கிடந்தா. இதுல என்ன சிரிப்பு?"

கூட்டம் அடங்கியது. ரத்தினவேல் எழுந்து வேட்டியைத் தட்டினான். முழங்கை உரிந்திருந்தது.

"எனக்கு இந்த ஹப்பு தெரியாதும்மா," என்றான் தாழ்ந்த குரலில். "இந்த மாதிரி வண்டி நான் பிரிச்சதே இல்ல."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா பொன்மலை ரயில் பட்டறையில யாரையாவது தேடிப் போயிருப்பேன். தெரியாதது தப்பில்ல. எங் காலு மேல பழியப் போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. ஒரு வாரமா நான் ராட்டினம் மாதிரிச் சுத்திச் சுத்தி மிதிச்சுப் பழகினேன்!"

"தெரியலன்னு சொன்னா அப்புறம் கடைக்கு யாரும்மா வருவாங்க?"

"அதுக்காக ஒருத்தி சாகணுமா?"

அவன் வண்டியை நிமிர்த்திக் கடைக்குத் தள்ளிக்கொண்டு நடந்தான். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

கடை வாசலில் அமலராணி வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, குட்டிச் சங்கிலியின் மேலிருந்த நட்டைத் தளர்த்தினாள். கம்பி விறைக்கும்வரை திருகை நான்கு சுற்றுச் சுற்றினாள். பெடலைச் சுழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று; மூன்றிலும் சக்கரம் பிடித்தது. நட்டை இறுக்கினாள்.

"இன்னொரு வாட்டி காட்டுறீங்களா?" என்று ரத்தினவேல் கேட்டான்.

அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனாலும் நட்டைத் தளர்த்தி, முதலிலிருந்து செய்து காட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"கிரீஸை வழிச்செடுத்துட்டு மெல்லிசான எண்ணெய் விடணும். அதை நீங்க செய்யுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. வண்டில ஒண்ணுமில்ல, மிதிதான் கோளாறுன்னு நாலு பேரு கேக்கச் சொன்னீங்க. அந்த நாலு பேரும் இங்கதான் நிக்கிறாங்க."

ரத்தினவேல் எழுந்து, டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "நர்ஸம்மா மிதில ஒண்ணுமில்ல. கம்பிதான் தொஞ்சு கிடந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

எண்ணெய் விட்டு முடிந்ததும் அவள் வண்டியை வாங்கிக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. செண்பகவல்லியின் நாடியை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. பாலத்து மேட்டில் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து நின்று அழுத்தினாள். கியர் நழுவவில்லை. கோபமும் இறங்கவில்லை; அந்தக் கோபத்தோடேயே மிதித்துப் பாலத்தைத் தாண்டினாள்.