எஞ்சினுக்கு அடுத்த பெட்டி

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், திருகோணமலை மாவட்டத்தின் சரித்திரத்தில் என்றும் நடந்திராத விதமாக, ஒரு தனிமனிதர் ரயிலை வழக்கில் தோற்கடித்துவிட்டார். பெயர் யோசேப். சீனி வருத்தம் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது, சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவருடைய ஊரான வாகையடியின் ரயில் தரிப்பிடத்தில் மேடை இரண்டு பெட்டி நீளம். அகலக் கதவும் சக்கர நாற்காலிப் படமும் உள்ள விசேட பெட்டியோ காலை ரயிலின் வாலில் வரும். நிற்பது மேடைக்கு வெளியே, சல்லிக்கல்லின் மேல். பஸ்காரர்கள் சக்கரத்தைக் கண்டாலே வேகம் பிடிப்பவர்கள். எனவே திருகோணமலை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்யும் நாட்களில் மனைவி அருள்மலர்தான் யோசேப்பை முதுகில் சுமந்து அந்த உயரத்துக்கு ஏற்றுவாள். அவளுடைய நாரி விட்டுப்போய் இடுப்பு நிமிரவில்லை. இனியும் தூக்கினால் வீட்டுக்கு இரண்டு சக்கர நாற்காலி வேண்டிவரும் என்றார் டொக்டர்.

கிண்ணியாச் சட்டத்தரணி ஹஸ்மி வழக்குப் போட்டார். பயணச்சீட்டு ஓர் ஒப்பந்தம், ஒப்பந்தம் ஒரு கடமை, கடமை ஒரு நாகரிகம் என்று நாலு வருசம் முழங்கினார். எதிர்த்தரப்பு இலத்தீனில் இருமியது. கடைசியில் தீர்ப்பு வந்தது: காலை ரயிலில் அந்தப் பெட்டியை எஞ்சினுக்கு அடுத்ததாகக் கொழுவ வேண்டும்.

தீர்ப்பு நடைமுறைக்கு வந்த முதல்நாள் காலை மேடையில் வாழைமரம் கட்டினார்கள். ஹஸ்மி படம் பிடிக்க ஆளோடு வந்திருந்தார். பெட்டி மேடைக்கு நேரே வந்து நின்றது. பலகை போட்டதும் யோசேப் தானாகவே உருட்டிக்கொண்டு ஏறினார்.

“கையை வீசிக்கொண்டு வாடியப்பா, ராசாத்தி மாதிரி.”

அருள்மலருக்கு வெறுங்கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திருகோணமலையில் தண்டவாளம் முடிந்துவிடும், அதற்கப்பால் கடல். வந்த எஞ்சினைக் கழற்றி மறுநுனியில் கொழுவித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. வழக்காடியவர்களும் பார்த்ததுதான். பின்னேரம் எஞ்சின் அவர்களைக் கடந்து மறுநுனிக்குப் போனபோதுதான் அருள்மலருக்கு விளங்கியது: முந்தி பின்னேரத்தில் முன்னுக்கு வந்த பெட்டி இனி வாலில். அவள் ஹஸ்மிக்குப் போன் எடுத்தாள்.

“தங்கச்சி, முந்தி பின்னேரம் நல்லாத்தானே இறங்கினீங்க? அதாலதான் நாங்க அதைக் கேக்கல்ல.”

“இப்ப என்ன சேர் செய்யிறது?”

“வேற வழக்குப் போடலாம். முன்தீர்ப்பு எங்கட பக்கம்தானே!”

வாகையடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. ரயில் கார்ட் நஸ்ரி சக்கர நாற்காலியைக் கல்லில் இறக்கிவைத்தார்.

“பெட்டியை மாத்த ஏலாதக்கா, கோட்ஸ் ஓடர், தீர்ப்பு அப்பிடி. கெதியா இறக்குங்க, சிக்னல் விழுந்திட்டு.”

வாசலில் குந்தியிருந்த யோசேப்பின் முகம் ஊசிக்குப் பிந்திய சாம்பல் நிறத்தில் இருந்தது. “முந்தி ஏத்தினனீ, இப்ப இறக்கிறாய். இறக்கம் லேசெல்லோ?” என்றார். அவரே சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

தூரத்தில், எஞ்சின் வெளிச்சத்தில், காலையில் கட்டிய வாழைகள் தலை தொங்கி நின்றன.

அருள்மலர் திரும்பி நின்று முதுகைக் கொடுத்தாள்.