தனியாய்ப் போனால் துள்ளும் கியர்

ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது இன்ஜின் திடீரென்று ஊளையிட்டது. வண்டி அதைக் காதில் வாங்காமல் தன்பாட்டுக்கு உருண்டது. கியர் மறுபடி நழுவியிருந்தது. பின்னால் களிமண் மூட்டைகள், முன்னால் கரும்பு டிராக்டர், நடுவில் நான். பிரேக்கை மிதித்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, டிராக்டருக்கு ஒரு முழம் பின்னால் நின்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இத வித்துட்டு ஒரு மாடு வாங்குங்க பெரியவரே" என்றார். மாடு என்றதுகூடப் பரவாயில்லை. பெரியவரே என்றதுதான் வலித்தது.

விருத்தாசலத்தில் கரண்டு போர்டுக்குப் பீங்கான் பீஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. மண்ணெடுக்கும் பள்ளங்களுக்கு வேறு வண்டி இறங்காது. நாலு சக்கரமும் இழுக்கிற இந்தப் பழைய ஜீப்பு ஒன்றுதான் போய்த் திரும்பும். அதற்கு வைத்தியம் பார்ப்பவன் பெண்ணாடம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் தமிழ்செல்வன். கியர் ஆயிலைப் பார்த்தான், கிளட்சைச் சரிசெய்தான், இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து வந்து சோதித்தான். அவன் வந்தால் வண்டி பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி ஓடும். நான் தனியாகப் போனால் கியர் துள்ளி நழுவும்.

"ஒங்ககூட மட்டும் என்னண்ணே அதுக்குச் சண்ட?" என்றான். வீட்டிலும் அதே கதைதான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அது உண்மையுமில்லை. பெரியநாயகியும் நானும் சண்டை போடவே இல்லை. மகள் காவியாவின் பிரசவத்துக்கென்று ஓசூர் போனாள். பிறந்த பேத்தி இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள், இவள் திரும்பவில்லை. நான் கூப்பிடட்டும் என்று அவள் இருக்கிறாளா, அவளாக வரட்டும் என்று நான் இருக்கிறேனா, எனக்கே குழப்பம். தினமும் போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்பாள். "போட்டேன்" என்பேன். அதோடு சரி. இருப்பதிலேயே சின்னப் பாத்திரத்தில் சோறு வைத்தாலும் மீந்துவிடுகிறது. எங்கள் தெருக் காக்கைகளுக்கு நடை கனத்துவிட்டது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்கிற அளவுக்கு நான் முன்னேறியிருக்கிறேன்.

இன்று மறுபடி தமிழ்செல்வனை ஏற்றிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் போனேன். பாதி வழியில் அவன் தன் முட்டியையே குனிந்து பார்த்தான். ஆள் கொஞ்சம் அகலம். காலைப் பரப்பி உட்கார்ந்தால் முட்டி குட்டை லிவரில் போய் முட்டும். வேகத்துக்கான பெரிய கியருக்குப் பக்கத்தில், இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற லிவர் அது. "எறக்கத்துல போங்கண்ணே" என்று காலை ஒடுக்கிக்கொண்டான். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்ததும் இன்ஜின் ஊளையிட்டது.

"பெரிய கியர்ல ஒண்ணுமில்ல. குட்டையிலதான் கோளாறு. எங்காலுதான் இத்தினி நாளா அணச்சி வச்சிருக்குது" என்றான். வைத்தியம் பார்க்கிறவனே மருந்தாகவும் இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம்.

ஷெட்டுக்கு வந்ததும் கேட்டான். "எப்பலேருந்து துள்ளுது? புதுசுன்னா ஸ்ப்ரிங்கு மாத்துனா போதும். ரொம்ப நாளுன்னா பல்லு தேஞ்சிருக்கும், பெட்டியவே எறக்கணும்."

"தெரியலியே. தனியா ஓட்ட ஆரம்பிச்சப்புறந்தான் கவனிக்கறேன்."

"முன்ன எல்லாம் இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"அவதான்."

"அப்ப அண்ணியத்தான் கேக்கணும்."

கை முழுக்க கிரீஸ். போனை பானெட்மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஜீப்புதான்."

"குட்ட கம்பி துள்ளுதா?" என்றாள்.

நானும் தமிழ்செல்வனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"காவியா காலேஜு சேந்தாளே, அந்த மழைலேருந்து அப்பிடித்தான இருக்குது. மேட்டுல ஒண்ணும் பண்ணாது. எறக்கத்துலதான் துள்ளும். முட்டியால அணச்சிக்குவேன். கல்லுப் பாதைன்னா கையால புடிச்சிக்குவேன்."

'பெட்டிய எறக்கணும்' என்று தமிழ்செல்வன் சைகை காட்டினான்.

அவள் அந்த லிவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பயம் என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு விட்டேனா, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவாள் என்று ஸ்ரீமுஷ்ணம் கல்யாணத்தில் பந்தி முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இலையைப் பார்த்தபடி அவளும் சிரித்தாள்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எதையாவது பேசிக்கிட்டேதான ஓட்டுவீங்க. அது துள்ளுனா வண்டியத் திட்ட ஆரம்பிச்சிடுவீங்க. சொல்லிட்டிருந்த கத பாதியில நின்னுடும்."

அவளே கேட்டாள்.

"இப்ப யாருகிட்ட பேசிக்கிட்டு ஓட்டறீங்க?"

செய்தி வாசிக்கிற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நல்ல ஜோக்குதான். சொன்னால் சிரிப்பாள், மாத்திரையைப் பற்றிக் கேட்பாள், வைத்துவிடுவாள்.

"யாருகிட்டயும் இல்ல" என்றேன். பிறகு, "நாயகி, எப்ப வர்ற?"

ஷெட்டில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. தமிழ்செல்வன் எதையோ தேடுகிறவன் போல எழுந்து போய் அதை நிறுத்தினான். போனில் இப்போது ஓசூர் வீடு தெளிவாகக் கேட்டது. பேத்தி ஒரு தட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். குக்கர் கத்தியது. சற்றுப் பொறுத்து மறுபடி கத்தியது. அடுப்பை அணைக்க யாரும் எழுந்து போகிற சத்தம் இல்லை. கிரீஸ் கையைத் தொங்கவிட்டபடி, பானெட்மேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.