தேக்கடிக்குப் போன சாவி

தேக்கடி ஏரியில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால், அனுமந்தன்பட்டி சுருளியாண்டி தூக்கத்திலும் பிசகாமல் சொல்லிவிடுவார். நேற்று எவ்வளவு, போன ஐப்பசியில் எவ்வளவு, விநாடிக்கு எத்தனை கன அடி இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலையில் டீக்கடையில் செய்தித்தாளைப் பிரித்தால் அவர் கண் முதலில் போய் நிற்பது அணை நிலவரம் போடும் அந்தச் சின்னக் கட்டத்தில்தான். மலைக்கு மேலே கிடக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான் பாறையைக் குடைந்த வழியில் நடந்து, லோயர் கேம்பில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் அவருடைய ஒன்றரை ஏக்கரில் நெல்லாகிறது. ஆனால் ஏரியை அவர் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஐம்பத்தாறு வயதாகியும் அந்த ஒன்றரை மணி நேரம் அவருக்கு வாய்க்கவில்லை.

வாய்க்கவில்லை என்பது அவர் சொல்வது. அவர் மனைவி தேவயானி அப்படிச் சொல்லமாட்டாள். முதல் தடவை கிளம்ப இருந்த அன்று நாற்றங்காலில் மாடு இறங்கிவிட்டது, சரி. இரண்டாம் தடவை மோட்டார் காயில் கருகிவிட்டது, அதுவும் சரி. மூன்றாம் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. ஏதாவது நடந்துவிடுமோ என்று அவராகவே பையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவள் புடவையை மாற்றிக்கொண்டு, அடுப்பில் உலை வைத்தாள்.

இந்த முறை ஏற்பாடு செய்தது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பவானி. குமுளியில் ஒரு விடுதியில் இரண்டு நாளுக்கு அறை, மறுநாள் காலைப் படகுக்கு இரண்டு டிக்கெட்டுகள்.

"அப்பா, ஐப்பசியிலதான் ஏரி நெறஞ்சு கெடக்கும், மஞ்சு எறங்கும். அறுப்பும் அதுக்குள்ள முடிஞ்சுரும்ல? கேன்சல் பண்ண முடியாதுப்பா, சொல்லிட்டேன்" என்றாள் போனில்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் தேவயானி அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே பையைக் கட்டி, நடுவீட்டு ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"நீங்க வரலைன்னாலும் நான் போவேன். படகுல ஒரு சீட்டு சும்மா கெடக்கட்டும்."

அவள் தனியாகப் போவாள் என்பதில் சுருளியாண்டிக்குப் பயமில்லை. தனியாகப் போய், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொள்வாளே, அந்தப் பயம்தான். அந்தப் பை ஆணியில் தொங்கிய ஏழு நாளும் அவர் வீட்டுக்குள் வரும்போதும் போகும்போதும் அதைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார்.

அறுப்பு புரட்டாசிக் கடைசியில் முடிந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் அறுவடை மெஷின், பெல்ட் அறுந்து பக்கத்து ஊரில் நின்றுவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த புரோக்கர் அம்மாவாசி, புதன்கிழமை சாயங்காலம் உறுதியாகச் சொன்னான்: வெள்ளிக்கிழமை. அவர்கள் பஸ் ஏற வேண்டிய அதே வெள்ளிக்கிழமை.

அதோடு முடியவில்லை. சுருளியாண்டியின் வயலுக்குத் தனிப்பாதை கிடையாது. ரோட்டை ஒட்டிய சங்கிலியின் வயலை அறுத்து முடித்த பிறகு, அதன் வழியாகத்தான் மெஷின் இவர் வயலுக்குள் வரமுடியும். சங்கிலியோடு இவருக்கு மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இவருடைய மோட்டார் ரூமிலிருந்து இரண்டு தார்ப்பாய்கள் காணாமல் போயின. இவர் யார் பெயரையும் சொல்லவில்லை. பெரியகுளத்துக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, சங்கிலி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து அதை மாட்டினார். சங்கிலி பூட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கஞ்சியை வரப்பில் ஊற்றிவிட்டு எழுந்து போனார். சாவி அன்று முதல் சுருளியாண்டியின் அரைஞாண் கயிற்றில் கிடக்கிறது.

"மெஷின் வந்து முடிச்சுரட்டுமே. சனிக்கிழமை போனா என்ன?" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

தேவயானி ரசத்தை ஊற்றினாள். "புள்ளைகளுக்கு இன்னைக்கு ஒரு கதை சொன்னேன். கேக்குறீகளா?"

"கதையா இப்ப முக்கியம்?"

"ஒரு வாய்க்கா நண்டு இருந்துச்சாம். அதோட வளைக்கு முன்னாடி தெனமும் தண்ணி ஓடும். இது எங்கன இருந்து வருதுன்னு ஒரு தடவ போய்ப் பாத்துரணும்னு அதுக்கு ஆசை. கெளம்புச்சு. நான் போயிட்டா என் வளைக்குள்ள தவக்களை புகுந்துருமேன்னு யோசிச்சுச்சு. களிமண்ண உருட்டி உருட்டி வாயை நல்லாக் கெட்டியா அடச்சுச்சு. சரி, கெளம்பலாம்னு திரும்புனா எங்கிட்டுப் பாத்தாலும் இருட்டு. உள்ள இருந்துல்ல அடச்சிருக்கு!"

"பெறகு?"

"பெறகென்ன, அடுத்த வருசமும் கெளம்புச்சு. அடுத்த வருசமும் அடச்சுச்சு. புள்ளைக கைகொட்டிச் சிரிச்சுச்சுக. ஒங்களுக்குச் சிரிப்பு வரலையாக்கும்."

"அந்த நண்டுக்கு வெளிய நின்னு அடைக்கத் தெரியாதா?"

"வெளிய நின்னா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் சுருளியாண்டி வயலுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பினார். நான்காம் தடவை, சங்கிலியின் வரப்பில் போய் நின்று இருமினார்.

சங்கிலி நிமிராமலே கேட்டார்: "என்னப்பா, வரப்ப அளந்து பாக்க வந்தியா?"

"இல்லண்ணே. மெஷின் நாளைக்கு வருதாம்."

"அம்மாவாசி சொன்னான். எனக்கு அடிச்சுட்டுத்தான உனக்கு? என் வயலத் தாண்டாம வானத்துல இருந்தா எறங்கும்?"

"நாளைக்கு நான் ஊர்ல இருக்கமாட்டேன். தேக்கடிக்குப் போறோம்."

சங்கிலியின் மண்வெட்டி நின்றது. "யாரு, நீயா? ஏலே சுருளி, உன் மக கழுத்துல தாலி ஏறுன கையோட தண்ணி பாய்ச்ச ஓடி வந்தவன்ல நீ! மாப்பிள்ளை வீட்டுக்காரக பந்தியில ஒன்னத் தேடுனாக."

அது உண்மைதான்.

"சரி, போயிட்டு வா. நான் நின்னு பாத்துக்கிறேன்" என்றார் சங்கிலி. "ஒனக்காக இல்ல. டீச்சரம்மா என் பேரப்புள்ளைகளுக்கு முகஞ்சுளிக்காம சோறு ஊட்டுறவுக. அவுகளுக்காக." இரண்டு வெட்டு வெட்டிவிட்டு மறுபடியும் நிமிர்ந்தார். "அப்புறம், சாவிய மறந்துராத. பத்திரமாக் கொண்டு போ. இங்கன கள்ளப்பயலுக ஜாஸ்தி."

வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பத்து மணிக்கு மெஷின் சங்கிலியின் வயலில் இறங்கியது. வியாபாரியின் லாரி மத்தியானம் வந்து களத்திலிருந்தே நெல்லை ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. சுருளியாண்டி எல்லாவற்றையும் சங்கிலியிடம் இரண்டு தடவை சொன்னார். சொல்லும்போது அவர் கை ஒருமுறை இடுப்புக்குப் போனது. லாரி நேராக வந்துவிடும், மழையும் இல்லை, தார்ப்பாய்க்கு என்ன வேலை? கை திரும்பி வந்துவிட்டது. அந்தக் கை போனதையும் வந்ததையும் சங்கிலி பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பஸ் நிறுத்தத்தில் முதல் பஸ்ஸை, கூட்டமாக இருக்கிறது என்று விட்டார். இரண்டாவது பஸ்ஸின் டிரைவர் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவன் மாதிரித் தெரிந்தான். மூன்றாவது பஸ் வந்ததும் தேவயானி அவரைக் கேட்கவே இல்லை. பையோடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. சுருளியாண்டி நாலு எட்டு ஓடி, கம்பியைப் பிடித்துத் தொற்றினார்.

கம்பம் வரைக்கும் மெஷின் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டார். கூடலூரில் மேற்கு மலையின் தலைமேல் ஒரு கருமேகத் திரள் தெரிந்தது. அது புகையாக இருக்கும் என்று தேவயானியிடம் சொன்னார். லோயர் கேம்பில் பஸ் நின்றபோது, மலைச் சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்தார். அவருடைய தண்ணீர் அதற்குள்ளேதான் வந்துகொண்டிருந்தது. அது இறங்கி வரும் வழியில் அவர் ஏறிப் போகிறார் என்ற நினைப்பு ஒரு நிமிடம் இனித்தது. அப்போது போன் அடித்தது.

"ஏப்பா சுருளி," சங்கிலியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "லாரி டயரு வெடிச்சு வழியில நிக்குதாம். ஒன் நெல்லு பூராவும் களத்துல குமிச்சாச்சு. மேக்க இருந்து மழை எறங்குது. என்கிட்ட இருந்த தார்ப்பாய என் குமியில போட்டுட்டேன். ஒனக்கு எதைப் போட?"

சுருளியாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒன் தார்ப்பாய் எல்லாம் உள்ளதான இருக்கு?"

"ஆமாண்ணே."

"சாவி?"

இடுப்பில் சாவி நெருப்பாகக் காய்ந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு ஏறி, பஸ்ஸைக் கிளப்பினார். தேவயானி, காலடியில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எறங்கணுமா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவர் இறங்கியிருப்பார். அந்தக் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. மூன்றாம் தடவை உலை வைத்த அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரியே இருந்தது அந்தக் குரல். இறங்கிப் போய்ச் சேர ஒரு மணி நேரமாகும், மழை அதுவரை காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வலது கால் படிக்கட்டுப் பக்கம் நீண்டிருந்தது. அவர் அதை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, பூட்ட ஒடச்சுருங்க."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நானா?"

"நீங்கதான்."

"நல்லாருக்கே நியாயம்! நாளைக்கு உள்ள ஒரு மம்பட்டி கொறஞ்சா யாரு பேரு வரும்? இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். மெஷின் டிரைவர் நிக்கிறாரு, அம்மாவாசி நிக்கிறான். இவுக கேக்கச் சொல்லு."

சுருளியாண்டி எழுந்து நின்றுவிட்டார். மெஷின் சத்தத்தையும் பஸ் சத்தத்தையும் மிஞ்ச வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினார்:

"பூட்ட ஒடைங்கண்ணே! சாவிய நான் மறதியில எடுத்துட்டு வரல. ஒங்க கையில குடுக்க மனசு வரல, அதான் கொண்டாந்தேன். தப்பு என்னோடது. அன்னைக்கு ஒங்க கண்ணு முன்னாடி அந்தப் பூட்ட மாட்டுனதும் தப்புத்தான். ஒடைங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"பெரியவரே, எந்தப் பூட்டா இருந்தாலும் அவுக ஒடைக்கட்டும், நீங்க உக்காருங்க. வளைவு வருது" என்றார் கண்டக்டர்.

போனில் சங்கிலி யாரையோ, "ஏலே, அந்தக் கல்லத் தூக்கு" என்று அதட்டுவது கேட்டது. பிறகு இரும்பில் கல் மோதும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவது விழுவதற்குள் பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, சிக்னல் அறுந்தது.

அவர் மறுபடியும் அழைத்துப் பார்த்தார். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார். தேவயானி பையை மடியிலிருந்து இறக்கி, காலுக்கடியில் தள்ளினாள். எழுந்து, அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வெளியே மரங்களுக்கிடையில் மஞ்சு நின்றது. இதுவரை அவர் மேல் பட்டிராத குளிர்காற்று முகத்தில் அடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒடச்சிருப்பாக" என்றாள் அவள். அவள் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

சுருளியாண்டி இடுப்பைத் தடவிச் சாவியைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் முன்கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது.

"தெரியல தேவயானி. நல்ல பூட்டு அது. கடை கடையாத் தேடி வாங்குனது. லேசுல ஒடையாது."