பாதியில் நின்ற தாலாட்டு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, கதிரவன் சாயும் பக்கமாதலின் படுவான்கரை என்று பெயர்பெற்ற நிலப்பரப்பில், முற்றிய நெல் தலைசாய்த்து நிற்கும் வயல்வட்டைகளை வருடி வந்த இளங்காற்று, நீர்மேல் இறங்கிக் கண்டல் மரங்களை அசைத்து, கரையில் உலர்ந்த வலைகளைப் புடைக்கச் செய்து, மாலைப் பொன்னொளியில் விளையாடிக்கொண்டிருந்தது. அவ்வேளை, துறையருகே கனகசிங்கம் என்னும் மீனவர், தம் மகளுக்கென எழுப்பிய மனையின் புதுக்கதவைத் திறந்தும் மூடியும், மீண்டும் திறந்தும் மூடியும் களித்துக்கொண்டிருந்தார்.

"போதும், கதவு களைச்சுப் போகும்," என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

அன்பரே, அம்மனிதரின் இயல்பை நீவிர் அறிதல் வேண்டும். தொடங்குவதில் அவரை வெல்ல ஆளில்லை. முடிப்பதென்றாலோ, அடேயப்பா, ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்! கிழிசல் பாதி பொத்திய வலையும் பாதி கட்டிய வேலியும் வளவெங்கும் அவர் பெயர் சொல்லி நின்றன. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் ஒரு சிறுகுடிலுக்கு ஒதுங்குவது அந்நாட்டு வழக்கு. மகள் நிருஷாவுக்கு மணமாகியும் அவள் வீட்டுக்குக் கதவில்லை; பின்னறைக்குக் கூரையில்லை. ஆகவே அவளும் கணவன் உதயரூபனும் வந்தாறுமூலையில் குடிக்கூலி வீட்டில் வாழ்ந்தனர். பெண்மகவு பிறந்ததும் அவள் கைப்பேசியில் வெட்டொன்று துண்டிரண்டாய்ச் சொல்லிவிட்டாள்.

"கதவில்லாத வீட்டில என்ட பிள்ளையக் கிடத்த ஒண்ணா, அப்பா. முடிச்சிட்டுச் சொல்லுங்க, மறுகா வாறன்."

பேத்தியைத் தூக்காத கைகள் இருந்தென்ன, இல்லாமல் என்ன என்று வெதும்பினார் கனகசிங்கம். தோணியை விட்டு இறங்கிய கையோடு கூரை வேய்ந்தார், சுவர் பூசினார், தச்சனைப் படாத பாடு படுத்திக் கதவைப் பொருத்தினார். வேலைநேரமெல்லாம் அவர் வாயில் ஒரு தாலாட்டு ஓடிற்று. நிருஷா குழவியாயிருந்தபோது அவரே கட்டியது, அதுவும் பாதிதான்!

இதோ, வீடு முடிந்த செய்தி கேட்டு மகளும் மருமகனும் குழந்தையோடு வந்திறங்கினர். தந்தை முடித்திருப்பார் என்பதில் நம்பிக்கையற்ற நிருஷா பையை வாசலிலேயே வைத்தாள். "பாத்திட்டு இருட்டமுதல் போயிருவம்," என்றாள். கனகசிங்கத்தின் முகம் சுருங்கியது. அந்நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டழ, கண்விழித்துக் கண்விழித்துச் சோர்ந்திருந்த தாய் அதைத் தன் தந்தை கையில் கொடுத்துப் புதுச்சுவரில் சாய்ந்தாள். அவர் பாடலானார்:

"வாவி அலையுறங்க, வலைகாயும் மணலுறங்க,
தாவும் மீன் தானுறங்க, தங்கமே நீயுறங்கு..."

அழுகை நின்றது, துயில் வரவில்லை. கொட்டக் கொட்ட விழித்தபடி பாட்டனின் வாயையே பார்த்தது பிள்ளை.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"இவ்வளவுதான் இருக்கு. நிருஷா இதுக்கு மேல கேட்டதே இல்லையே! இந்த இடத்தில நித்திரையாயிருவாள்," என்று சொல்லித் திரும்பியவர் அப்படியே நின்றார். சுவரில் சாய்ந்தபடியே, வாய் சற்றே திறந்திருக்க, அன்றுபோலவே அவ்விடத்திலேயே உறங்கிப்போயிருந்தாள் அவர் மகள். வலையும் வேலியும் எக்கேடு கெட்டாலென்ன, தாம் கட்டிய பாட்டு இத்தனை ஆண்டும் அவளுக்குள் கெடாமல் இருந்திருக்கிறதே என்று எண்ணி, மகிழ்ச்சி தாளாமல் அவர் கண்கலங்கினார்.

குழந்தையோ காலை உதைத்து மீதியைக் கேட்டது. விடுமா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடப் பாடச் சொல் பிறந்தது.

"கதவிட்டேன் கண்மணியே, கார்மழைக்குக் கூரையிட்டேன்,
உதவாத ஆளென்று உன்தாயும் இனிச்சொல்லாள்!"

சீதேவிப்பிள்ளை வாய்பொத்திச் சிரித்தாள். வெளியே ஒளி மங்கி, வாவி கருநீலம் பூண்டது. உதயரூபன் உறங்கும் மனைவியை ஒருமுறை பார்த்தான். வாசலிலிருந்த பையை உள்ளே எடுத்துவைத்துக் கதவைத் தாழிட்டான். அவ்வோசை கேட்ட கனகசிங்கம், விழித்திருந்த பேத்தியை மார்போடணைத்து, பாட்டை முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார். இம்முறை முடிவு வரைக்கும் பாடினார்.