மூன்றாவது கட்டு

நாவலின் முதுகில் பிளேடு வைத்து மூன்றாக அறுத்தது அன்புசெல்வன்தான். மில் தொழிற்சங்கத்து வாசகர் வட்டத்துக்கு ஒரே பிரதிதான் வந்திருந்தது. நடுவர்கள் மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். எந்தப் புத்தகம் வந்தாலும் இப்படிக் கட்டு கட்டாகப் பிரித்து, ஷிப்ட் மாறும்போது இரும்பு மில் கேட்டில் கைமாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். வருடத்துக்கு ஒரு நாவலுக்குப் பரிசு. பட்டறை ஆட்கள் இரும்புத் தகட்டில் வெட்டி மெருகேற்றிய கேடயம், பெயர் பொறிக்கப்படாமல் சங்க அறை மேசையில் கிடந்தது. மறுநாள் விழா.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு, அம்மா செத்துட்டான்னு புக்கு பூரா அழுவுது. பொடிசுங்க படிக்கிறது. இதுக்குப் போயி இலக்கியப் பரிசா?" என்றான் அன்புசெல்வன்.

"அழுவுறதுக்கு வயசு சர்டிபிகேட் கேக்குறியா நீ?" என்றாள் கேன்டீன் திலகவதி. "அந்தப் பொண்ணு ஒரு எடத்துலயும் அழுவல. நீ எத்த படிச்ச?"

இருவரும் ஆசீர்வாதத்தைப் பார்த்தார்கள். அவர் கையில்தான் முடிவு. உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கண்கள் எரிந்தன. நாற்பது வயதுக்கு மேல் இதே அறையில் எழுத்துக் கூட்டப் பழகியவர். இன்றும் வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். கதையில் வரும் அப்பன், பெண்டாட்டியைப் புதைத்த நாலாம் நாள் வேலைக்குப் போய்விடுகிறான். மகள் அவனோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். தன் மனைவி ஹெலனைப் புதைத்த நாலாம் நாள் ஆசீர்வாதமும் இந்த உலைக்கு முன்னால்தான் நின்றார். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு என்ன வழி? எழுதியவருக்கு அது தெரியவில்லையே என்று இரண்டாவது கட்டு முடியும்வரை நெஞ்சு கொதித்தது.

"கல்லு மாதிரி எழுதிக்கீறாங்க அந்த அப்பன" என்றார்.

"கல்லா? கடைசில அந்தச் சோத்து டப்பாவ தொறக்கிறானே ண்ணா, அதுக்கப்புறமுமா?" என்றாள் திலகவதி.

"எந்த டப்பா?"

திலகவதி அன்புசெல்வனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணாவது கட்டு எனக்கு வரலியே" என்றார் ஆசீர்வாதம்.

"இன்னா ண்ணா சொல்ற? நீ நைட் ஷிப்ட் போனப்ப ஊட்டாண்ட வந்து ஜெபா கையில குடுத்தனே" என்றான் அன்புசெல்வன்.

வந்ததா என்று இரண்டு தரம் மகள் ஜெபாவைக் கேட்டிருந்தார். வரவில்லை என்றாள். அம்மா போனதிலிருந்து அவளிடமிருந்து வருவதெல்லாம் ஒற்றை வார்த்தைதான் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை; படித்தவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டார்.

"சாயங்காலம் கேடயத்துல பேர் வெட்டணும். படிச்சுட்டு போன் பண்ணு" என்றாள் திலகவதி.

வீட்டில் ஜெபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதும் மறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து மூன்றாவது கட்டை எடுத்துப் பாயில் வைத்தாள். அடிக்கடி புரட்டி ஓரங்கள் சுருண்டிருந்தன.

"வேணாம்னு சொல்லிட்டியா நைனா?"

"இன்னும் சொல்லல. ஏன் ஒளிச்சு வச்ச?"

ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அதுல அந்த அப்பா, அந்தப் பொண்ணோட அம்மா டப்பாவ தொறந்து வச்சுக்கினு அழுவுறாரு. பொண்ணு முன்னாடியே. அத்த படிச்சா நீயும் அழுவ." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "அப்புறம் புக்க பாத்து அழுதியா, அம்மாவுக்கு அழுதியான்னு எனக்கு எப்டித் தெரியும்? நீயா அழுவியான்னு பாத்துக்கினே இருந்தேன்."

அவள் அருகில் போக ஒரு அடி வைத்தார். அவள் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். சமையல் மேடைக்கு மேலே அலமாரியில் ஹெலனின் சாப்பாட்டு டப்பா கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போன் அடித்தது. அன்புசெல்வன்.

"இன்னா ண்ணா, பேர வெட்டலாமா?"

"இரு. படிக்கணும்" என்று வைத்தார்.

பாயில் உட்கார்ந்து கட்டை எடுத்தார். நூல் அறுந்த தாள்கள் ஃபேன் காற்றில் படபடத்தன. இடது கையால் அழுத்திப் பிடித்து, முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தார்.

எதிரே ஜெபா மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் கண் பக்கத்தின் மேல் இல்லை. அவர் முகத்தின் மேல் இருந்தது.