கோட்டுப் பையில் சாவி

வீட்டில் அப்போது இருந்தவர்கள்: கூடத்தில் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள் பைலி. அவரைச் சுற்றி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் ஏழெட்டுப் பேர். தலைமாட்டில் அவருடைய தங்கை அன்னக்குட்டி. யாராவது உள்ளே வந்தால் மட்டும் அழுபவள். உள்ளறையில், கம்ப்யூட்டரை மூன்றாவது தடவையாக அணைத்துப் போட்டுக்கொண்டிருந்த மகன் எல்தோ. அவனுக்குப் பின்னால் பைலியின் மனைவி சோசாம்மாவும் மருமகன் குரியாக்கோஸும். மகள் குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் அடக்கம் நாளைக்கு.

கறுப்புத் திரையில் மறுபடியும் அதே ஒற்றை வரி.

"என்னடா சொல்லுது?" என்றாள் சோசாம்மா.

"ஒரு ஃபைலக் காணோமாம். கண்ணு முழிச்சதும் மொதல்ல தேடற ஃபைல். அது இல்லேன்னா தான் யாருன்னே இதுக்குத் தெரியாது."

"அதத்தான் அவர் நேத்து அழிச்சிருப்பார்."

பைலி வேலை பார்த்த காலம் முழுக்க மூவாற்றுப்புழை தாலுகா ஆபீஸின் ரெக்கார்டு அறையில் இருந்தவர். பல வருஷமாக யாரும் கேட்டு வராத ஃபைலை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. நேற்று கம்ப்யூட்டர் மெதுவாகப் போகிறது என்று அதே விதியை இங்கேயும் கொண்டுவந்தார். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒளிந்து கிடப்பவன் எவன் என்று, மறைந்திருந்த ஃபைல்களையெல்லாம் வெளியே வரவழைத்தார். இதை நீக்கினால் நான் இயங்காமல் போகலாம் என்று இயந்திரம் எச்சரித்திருக்கிறது. எல்லா ஃபைலும் இப்படித்தான் பயமுறுத்தும் என்று சொல்லி அழுத்திவிட்டார். திருப்தியாக அணைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். தேநீர் வந்தபோது அவர் இல்லை.

செத்தால் பேப்பரில் போட வேண்டிய ஃபோட்டோவை அவரே தயார் செய்து கம்ப்யூட்டருக்குள் வைத்திருந்தார். சாயந்திரத்துக்குள் பேப்பர் ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும்.

"எதுக்கு இந்தப் பாடு? ஆதார் கார்டு ஃபோட்டோ இருக்கே," என்றான் குரியாக்கோஸ்.

சோசாம்மா கார்டை வாங்கிப் பார்த்தாள். "ஜாமீன்ல வந்தவன் மாதிரி இருக்கார். ஊருக்கே இந்த மூஞ்சியக் காட்டச் சொல்றியா? வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தார், அந்த ஃபோட்டோதான் போடணும்னு. அவர் சொன்ன எதையும் நான் கேட்டதில்ல. இதையாவது கேக்கறேன்."

எல்தோ பெங்களூரில் இரவு வேலையில் இருந்தவன். அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் கம்ப்யூட்டர் சரிசெய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் நடு அழைப்பில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். அமெரிக்கா முழுக்க ரிப்பேர் பார்த்தவன் அப்பன் வீட்டு மெஷினைத் தொட மாட்டான் என்று பைலி எல்லாரிடமும் சொல்லுவார். மகனிடம் மட்டும் சொல்லமாட்டார், அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

"வாங்கும்போது ஒரு டிஸ்க் குடுத்தாங்களே, அது இருந்தா போதும்," என்றான் எல்தோ.

"அலமாரில இருக்கு. பூட்டியிருக்கு."

"சாவி?"

சோசாம்மா திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

"அம்மா."

"அது இல்லாம அவருக்குத் தூக்கம் வராதுடா. கோட்டு மாட்டும்போது பையில போட்டுட்டேன்."

"கடப்பாறைய எடுத்துட்டு வரேன்," என்றான் குரியாக்கோஸ்.

"பொணம் வீட்ல இருக்கும்போது அலமாரிய ஒடச்சா, சொத்துக்கு அடிச்சுக்கறாங்கன்னு இடுக்கி வரைக்கும் பேசுவாங்க. சும்மா இரு."

எல்தோ கூடத்துக்குப் போனான். கண்ணாடி மூடியைத் தூக்கினான். குளிர் முகத்தில் அடித்தது. ஜெபம் பாதியில் நின்றது. வலது பையில் இல்லை. இடது பைக்கு எட்ட வேண்டுமானால் மார்பின் மேல் சாய வேண்டும். சாய்ந்தான். அவன் கன்னம் அப்பனின் கன்னத்தில் பட்டது. ஷேவ் சரியாகச் செய்திருக்கவில்லை.

"பேசாத பிள்ள முத்தம் கொடுக்குதே," என்று அன்னக்குட்டி மாரில் அடித்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் பாரு அண்ணா, உன் எல்தோ வந்திருக்கான்."

பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்தார்கள். சாவிக்கொத்து சத்தம் போடாமல் வரும்வரை அவன் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்சம் நேரமானது.

டிஸ்க்கைப் போட்டதும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது.

"மூணு தடவதான் விடும்," என்றான் எல்தோ.

"பென்ஷன் நம்பர் போடு," என்றான் குரியாக்கோஸ். இல்லை.

"அம்மா பேர் போட்டுப் பாக்கவா?"

"என் பேர கஞ்சிக்குக் கூப்பிடத்தான் வச்சிருந்தார்."

போட்டுப் பார்த்தான். அதுவும் இல்லை.

"சக்கர டப்பாவக் கூடப் பூட்டுவார்," என்றாள் சோசாம்மா. "அவர் பூட்டாதது என் வாய் ஒண்ணுதான்."

கடைசித் தடவை எல்தோ எதையும் அடிக்கவில்லை. வெறுமனே என்டரைத் தட்டினான். திறந்துகொண்டது. பாஸ்வேர்டே இல்லை.

அதன் பிறகு கை தானாகப் போயிற்று. காணாமல் போன ஃபைலையும், கூடவே அழிந்திருந்த அதன் ஜோடி ஃபைலையும் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்து, இருந்த இடத்தில் வைத்தான். மறுபடி போட்டபோது திரை வெளிச்சமாகி, பச்சைப் புல்வெளி வந்தது.

ஃபோட்டோவில் பைலி வெள்ளைச் சட்டையில், சிரிக்கலாமா என்று யோசிப்பவர் போல இருந்தார். பக்கத்தில் நின்றவனை அவரே வெட்டியிருந்தார். வெட்டு கோணல். இடது தோளில் நான்கு விரல்கள் மிச்சம்.

"இது யாரோட கை? வெட்டிட்டு அனுப்பு, அசிங்கமா இருக்கு," என்றான் குரியாக்கோஸ்.

மோதிர விரலின் நகம் கறுத்திருந்தது. பெங்களூர் கிளம்பிய அன்று கார் கதவில் நசுங்கிய நகம். எல்தோ கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நானும் சொன்னேன்," என்றாள் சோசாம்மா. "இன்னும் கொஞ்சம் வெட்டுங்கன்னு. வெட்டினா தோள் கோணலாப் போகும்னார்."

"கோணலாத்தான் போகும்," என்றான் எல்தோ. அப்படியே அனுப்பினான்.

குரியாக்கோஸ் பேப்பர் ஆபீஸுக்குப் போன் செய்ய வெளியே போனான்.

"சாவியத் திருப்பி வச்சிடு," என்றாள் சோசாம்மா.

"மறுபடியுமா?"

"இப்பத்தான் ஊரே உன்ன நல்ல பிள்ளைங்குது. இன்னொரு தடவ குனிஞ்சா தேஞ்சா போவ?"

அவள் கூடத்துக்குப் போனாள். எல்தோ டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டினான். கம்ப்யூட்டரை அணைத்தான். வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திப் பூட்டினான். அப்பனைப் போலவே, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.