எந்திரி

மகளின் கட்டைவிரலைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அவர் மறுபடியும் அதை டேப்லெட்டின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். ஒரு சின்ன அதிர்வு. திறக்கவில்லை.

"ஈரமா இருக்கும்போல" என்றார். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"விடுங்க. உயிர் இருக்கற வெரல்தான் அதுக்குப் புரியும்" என்றாள் மனைவி. விடியற்காலை ஐந்தரைக்கு மகளின் மூச்சு நின்றதிலிருந்து அவள் வாய் திறந்தது இப்போதுதான். கொஞ்சம் பொறுத்து, "நம்பர் போட்டும் தொறக்கலாம். உங்க சட்டைல இருக்கறதுதான்" என்றாள்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். நேற்றுப் போட்ட கம்பெனிச் சட்டை இன்னும் உடம்பில்தான் இருந்தது. பைக்கு மேலே சிவப்பு நூலில் அவருடைய வேலை நம்பர்: நாலு, நாலு, ஒன்று, ஏழு. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். கம்பெனியில்கூட அந்த நம்பரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. வீட்டில் ஒருத்தி அதைத் தினமும் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குள் அவருடைய அக்கா ஒரு பழைய கவரோடு வந்துவிட்டாள்.

"டேய், நாலு மணிக்கு வண்டி வந்துடும். ஸ்டுடியோக்காரரு ஃப்ரேம் போட்டுக் குடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும்ங்கறாரு. தலைமாட்டுல ஒரு போட்டோ இல்லாம எப்படிடா அனுப்பறது? இதக் குடுத்துடு."

ஒன்பதாம் வகுப்பில் எடுத்த போட்டோ. இரட்டைச் சடை, கையில் ஓட்டப்பந்தயக் கோப்பை, முகமெல்லாம் பல். அதற்கு அடுத்த வருடம் கால் போயிற்று. பிறகு இடுப்பு, பிறகு தோள். தசை கரைகிற நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அப்புறம் பன்னிரண்டு வருடம் அவள் யாரையும் போட்டோ எடுக்கவே விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த இந்தப் படத்தையும் அவள்தான் கழற்றச் சொன்னாள். "அது நான் இல்லப்பா. அந்தப் பொண்ணு அப்பவே எங்கயோ ஓடிட்டா."

"இது வேணாம்க்கா. இதுக்குள்ள ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்."

"அதுக்குள்ள என்ன இருக்கப்போவுது? பேய்ப் படம்தான்."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நேற்று வரைக்கும் மகளை இடுப்பில் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள். மகள் டேப்லெட்டில் வரைகிற படங்கள்தான் அவளுக்கு ஆகாது. "வயித்தக் கலக்குதுடி" என்பாள். "அப்படின்னா நல்லா வந்திருக்கு அத்தை" என்று மகள் சிரிப்பாள்.

எல்லாமே ரோபோக்கள். குளியலறைத் தரையில் குப்புற விழுந்து, குழாய் மூடப்படாமல், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க அசையாமல் கிடக்கும் ரோபோ. ஒரு கையைக் கழற்றி மடியில் போட்டு, மறு கையால் அதைத் தட்டித் தூங்கவைக்கும் ரோபோ. ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்து உட்கார்ந்தே துருப்பிடித்துப்போன ரோபோ. கறுப்பும் துருவும் தவிர வேறு நிறம் கிடையாது, ஒன்றுக்கும் வாய் கிடையாது. நெட்டில் போட்ட படத்துக்கு முகம் தெரியாத யாராவது "பாத்துட்டு தூக்கமே வரல" என்று எழுதினால் அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியாது.

கடைசி ஒரு வருடம் அவளால் திரையின் மேல் ஓரத்துக்குக் கையை உயர்த்த முடியவில்லை. பேனாவை ரப்பர்பேண்டு போட்டு விரலோடு கட்டிக்கொண்டு, மடிமட்டத்தில் வரைவாள். மற்றதை அழுத்த வேலையிலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "லேயருன்னா கண்ணாடித் தாள் மாதிரிப்பா, ஒண்ணு மேல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கண்ணு இருக்கு பாரு. அத அமுக்கினா அந்தத் தாள் மறைஞ்சிடும்." முதல் நாள் அவள் "கண்ண மூடுப்பா" என்றபோது அவர் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். அவள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மனைவி அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

அந்த ரோபோ யார் என்று முதல் படத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் எத்தனையோ பேர் அலறியிருக்கிறார்கள். "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தே பாதியைச் சரிசெய்கிற ஆள் அவர். மகளிடம் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் மெக்கானிக் பேச்சுதான். "இந்த முட்டில பேரிங் எங்கம்மா? இது எந்திரிக்காது." ஒவ்வொரு படத்துக்கும் அளவும் இடமும் காட்டி அதையே சொன்னார். "சரிப்பா, மாத்திடறேன்" என்பாள். அடுத்த படத்திலும் முட்டி அப்படியேதான் இருக்கும்.

போன வாரம் கடைசிப் படத்தைக் காட்டினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட். கதவு பாதி திறந்து, அந்தப் பக்கம் வெறும் சிமெண்டுச் சுவர். உள்ளே மூலையில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தது அது. தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் வெளிச்சம் விழ, முகத்தைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

எப்போதும் "எப்படிப்பா இருக்கு" என்று கேட்பவள், அன்றைக்கு "பாத்தியாப்பா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா" என்றார். "முட்டில பேரிங் இல்ல."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த "சரிப்பா" ஒரு வாரமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. இன்றைக்குப் பேசிவிடலாம், நாளைக்குப் பேசிவிடலாம் என்று நாளைக் கடத்தினார்.

நாலு, நாலு, ஒன்று, ஏழு. அதே படம்தான் திறந்தது. பக்கவாட்டில் தாள்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கதவு. சுவர். துரு. இருட்டு. உடம்பு. எல்லாவற்றுக்கும் கீழே, அவர் இதுவரை தள்ளிப் பார்த்தே இராத இடத்தில், கண் மூடிய ஒரு தாள். "அப்பா சொன்னது" என்று பெயர் போட்டிருந்தாள்.

அந்தக் கண்ணைத் தொட்டார். ரோபோவின் இரண்டு முட்டியும் மாறின. பேரிங், அதை நிறுத்துகிற பின், சுற்றி நாலு போல்ட். அவர் சொன்ன அளவு, சொன்ன இடம், ஒரு நூல் பிசகவில்லை. இந்த முட்டி எழுந்திருக்கும். எழுந்து மாடிப்படியே ஏறும். அவசர அவசரமாகப் பழைய படங்களைத் திறந்தார். குளியலறை, பெஞ்சு, எல்லாவற்றிலும் அடியில் "அப்பா சொன்னது" இருந்தது. அவர் பயத்தில் உளறிய அத்தனை முட்டியையும், பேனாவைப் பிடிக்கவே தெம்பில்லாத கையால் வரைந்து, கண்ணை மூடி வைத்திருந்தாள்.

அவர் மகளின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்தின் மூலையை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். அறுந்த வயர் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தது கையெழுத்து. எந்திரி.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பெயர் கேட்டபோது மகள் அப்படித்தான் சொன்னாளாம். எங்கப்பா எந்திரம் ரிப்பேர் பண்றவரு, காலையில என்னை எந்திரி, எந்திரின்னுதான் கூப்பிடுவாரு, நான் பொம்பளை எந்திரம். வீடே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. மறுநாள் காலை அவர் கூப்பிட்டபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எந்திரிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும்" என்றாள். அவரும் கொடுத்தார்.

"மணியாவுதுடா" என்றாள் அக்கா, கவரை நீட்டியபடி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட் படத்துக்குத் திரும்பினார். "அப்பா சொன்னது" தாளின் கண்ணை மூடினார். முட்டி பழையபடி ஆயிற்று. இந்தத் தடவை முட்டியிலேயே நின்றுவிடாமல், தூக்கிய அந்த முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்.

"மெஷினையாடா வைக்கப்போற? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அவ மொகம் அதுதான் அண்ணி" என்றாள் மனைவி. "வைக்கட்டும்."

அக்கா போட்டோவைக் கவருக்குள் போட்டு மூடிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள். வாசல் வரைக்கும் ஆட்கள். கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. ஸ்டுடியோக்காரர். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"படம் வந்துடுச்சு சார். ரோபோ படம், இதுதானே? சரி சார். கீழ பேர் என்ன போடணும்?"

"எந்திரி."

"சார்?"

"எந்திரி."

மறுமுனையில் மனிதர் பயந்துபோனார். "நான் நின்னுட்டுதான் சார் இருக்கேன்."

"உங்கள இல்லங்க. பேரு. பொண்ணு பேரு."

"ஒண்ணும் கேக்கல சார், சத்தமா சொல்லுங்க."

அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எந்திரி!"

வீட்டில் விசும்பல் நின்றது. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அக்காவின் கையில் டம்ளர் பாதியில் நின்றது. ஒருவர் விடாமல் எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். போனைக் காதில் வைத்தபடி அவரும் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி எழுந்து, விலகியிருந்த போர்வையை இழுத்து மகளின் பாதங்களை மூடினாள்.